முப்பத்தெட்டு சதவிகிதம்

டக்.

ஹார்ட் டிஸ்க் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டது.

கம்ப்யூட்டர் திரையில் பச்சைக்கோடு பதினொரு சதவிகிதத்தில் நின்றது.

அவள் மூச்சையும் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"ஆட்டிராதீங்க தங்கச்சி. மேசையில கைகூட வைக்காதீங்க," என்றார் ஸ்டூடியோ அருள்தாஸ். சங்கரன்கோவிலில் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். வோல்டேஜ் இறங்கிவிடக் கூடாதென்று ஏ.சி.யை அணைத்திருந்தார். இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வியர்வை மனிதர்களுக்கு.

பன்னிரண்டு.

இன்னும் நாற்பது நிமிடம் என்றது கம்ப்யூட்டர். அடுத்த நொடி, ஆறு மணி நேரம் என்றது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக் காலை பத்தரைக்குக் கோர்ட்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய அண்ணன் மதினிக்குத் தாலி கட்டினான். குலதெய்வக் கோயிலில். பதிவு கிடையாது. கூடியிருந்த இருபது பேரும் அவன் சொந்தக்காரர்கள். மதினி பக்கத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

இப்போது அவனுக்கு வேறொருத்தி.

அப்படியொரு கல்யாணமே நடக்கவில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆல்பத்தைக் கொளுத்தினான். சிடியை ஒடித்தான்.

இருபது பேருக்கும் எதுவும் ஞாபகமில்லை.

இருபது பேரில் அவளும் ஒருத்தி.

வருகிற ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அண்ணன்தான் முன்னால் நின்று நடத்துகிறான்.

"நீ கூண்டுல ஏற வேண்டாம்ட்டி," என்றிருந்தாள் மதினி. "ஒனக்கு அந்த வீட்டுல இருந்துதான் கல்யாணம் நடக்கணும். வீடியோவ மட்டும் வாங்கிக் குடு. அதுவே பேசிக்கிடும்."

அது பேசிவிட்டால் போதும். அவள் பேச வேண்டியதில்லை.

டக். டக்.

அருள்தாஸ் எந்தக் கல்யாணத்தையும் நாலு துண்டாக வெட்டித்தான் வைப்பார். அழைப்பு, சடங்கு, முகூர்த்தம், பந்தி. மற்ற மூன்றையும் விட்டுவிட்டு முகூர்த்தத்தை மட்டும் அந்தப் பழைய டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கேமரால எடுத்த ஒரிஜினல் இருக்காதாண்ணே?"

"அதெல்லாம் அன்னைக்கே அழிச்சாச்சு. அடுத்த கல்யாணத்துக்குக் கார்டு வேணும்லா."

மேசையில் அவளுடைய செல்போன் அதிர்ந்தது. அருள்தாஸ் பாய்ந்து அதைத் தூக்கி அவள் கையில் திணித்தார்.

அண்ணன்.

"எங்கட்டி இருக்க?"

"டெய்லர் கடையிலண்ணே. ஜாக்கெட் அளவு குடுக்க."

"சட்டுனு வா. மண்டபத்துக்காரர் வந்து உக்காந்திருக்காரு. எந்த ரூம் வேணும்னு நீதான் சொல்லணும்."

வைத்துவிட்டான். குரலில் அத்தனை பிரியம்.

இருபத்தாறு.

முப்பத்தொன்று. கோடு திடீரென்று ஓட்டம் பிடித்தது. அருள்தாஸ் சிரிக்கப் பார்த்தார்.

முப்பத்தெட்டு.

சத்தம் நின்றது.

இவ்வளவு நேரம் பயமுறுத்திய அந்த 'டக்' ஒரு தடவை வந்துவிடாதா என்று அவள் காத்திருந்தாள்.

அருள்தாஸ் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். மறுபடியும் சொருகினார். குனிந்து டிஸ்க்கின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க் போயிட்டு."

"அப்போ வந்தது?"

"வந்த மட்டும் இருக்கும். பாப்போம்."

ஓடவிட்டார்.

முதலில் நாதஸ்வரம் கேட்டது. படம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. மாலையும் கழுத்துமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கட்டங்கள்.

கெட்டிமேளம்.

படம் தெளிந்தது.

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அவன் குனிகிறான். கையில் மஞ்சள் கயிறு. இதோ, முகம் திரும்பப்போகிறது.

ரோஜாப்பூ விழுந்தது.

ஒன்றல்ல. திரை முழுக்க. கம்ப்யூட்டரில் செய்த ரோஜாக்கள், சுழன்று சுழன்று. நடுவில் ஓர் இதயம் விரிந்தது. அதற்குள் இரண்டு அன்னங்கள். அன்னங்களின் கழுத்துக்குப் பின்னால் எங்கேயோ அண்ணனின் முகம்.

அருள்தாஸ் தலையைச் சொறிந்தார். "அப்போ அதான் ஃபேஷன் தங்கச்சி. தாலி கட்டும்போது பூ விழலைன்னா சண்டைக்கு வந்துருவாங்க."

பூ ஓய்ந்தது.

நாலே விநாடி. துடைத்த கண்ணாடி மாதிரிப் படம்.

குனிந்திருக்கும் மதினியின் பாதி முகம். பக்கத்தில் ஒரு பட்டுச்சட்டைத் தோள், அவ்வளவுதான். மதினிக்குப் பின்னால் ஒரு பெண். மூன்றாவது முடிச்சைப் போடுகிறாள். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் போடுகிற முடிச்சு. நாக்கைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறாள். பிறகு நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அவளேதான். பத்தொன்பது வயது அப்போது.

படம் அந்தச் சிரிப்பிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் இல்லை.

"ஒங்கண்ணன் மொகம் ஒரு எடத்துலயும் விழலியே," என்றார் அருள்தாஸ். "இத வச்சு என்ன செய்ய?"

அவள் செல்போனை எடுத்து மதினியின் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் மதினி.

"கெடைச்சிட்டாட்டி?"

திரையிலிருந்த பெண் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கெடைச்சிருக்கு மதினி. மிச்சத்த நாளைக்குக் கோர்ட்டுல நான் சொல்லுதேன்."