பத்தாவது சொம்பு

கை வைத்தால் ஆளை அறியும் அந்தத் தெருக்குழாய், கணவரின் கை மட்டுமே பதிவாகியிருந்ததால், அவர் இறந்த அன்றே ரெஜினாவின் வீட்டை ஆளில்லாத வீடென்று மூடிவிட்டது. உள்ளே மகள் காய்ச்சலில் கிடந்தாள். மூடிய வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தால் கொடுத்தவர் வீடும் மூடப்படும். தெருவே மூடப்பட்டால்தான் அதிகாரி நேரில் வருவார். வார்டு உறுப்பினர் குணவதி போட்ட ஆறு மனுக்களுக்கும் குழாய் இயந்திரம் சொன்ன பதில் இதுதான்.

இன்று குணவதி கடவுளை வேண்டிக்கொண்டு, ரெஜினாவின் குடத்தில் முதல் சொம்பை ஊற்றினார்.

“உங்கள் வீடு மூடப்பட்டது,” என்றது குழாய்.

“எங்களால உங்களுக்கு எதுக்குக்கா இந்தக் கஷ்டம்?” ரெஜினா அழுதாள்.

“சும்மா இரு. குடத்தைப் பிடி.”

அடுத்த வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்து ஊற்றினாள். பிறகு ஒவ்வொருவராக வந்து ஊற்ற, ஊற்றியவர்களின் ஒன்பது வீடுகள் மூடப்பட்டன. மிச்சம் மாசிலாமணி மட்டும். சுவர்த் தகராறில் ரெஜினாவின் கணவரோடு எட்டு வருஷம் பேசாதவர். அவர் மறுத்தால் அத்தனை வீடும் வீணாகத் தவிக்கும்.

மாசிலாமணி குடத்தை எட்டிப் பார்த்தார்.

“இதுதான் தளும்புதே! வேற பாத்திரம் கொண்டா தாயி. சண்டை அவனோடதான், பிள்ளையோட இல்ல.” ரெஜினா நீட்டிய பாத்திரத்தில் தன் சொம்பை ஊற்றினார்.

“தண்ணீர் கொடுத்த பத்தாவது வீடும் மூடப்பட்டது,” என்றது குழாய். “அதிகாரி புறப்பட்டுவிட்டார்.”