பூட்டுப் போட்ட மெட்டு

ரஃபேல் மெட்டுப் போட்ட பாட்டை, அவர் இறந்த மறு கிறிஸ்துமஸுக்கு, மலேசியாவின் சுங்கைப் பட்டாணி ஊர் மாதா கோயில் பாடகர் குழு வீடியோ டிஸ்க்காக வெளியிட்டது. அட்டையில் தபேலாக்காரர் பெயர்கூட இருந்தது. ரஃபேல் பெயர் இல்லை.

பாட்டை மட்டும் தனியே பதிந்துவைக்க அவர் மனைவி ஜேன் ரெக்கார்டரில் டிஜிட்டல் வயரைச் செருகினாள். 'நகல் எடுக்க முடியாது' என்றது திரை.

குழுவின் செயலாளர் எர்னஸ்ட் எதிர்வீடுதான். போனில் கேட்டாள்.

"யாரும் காப்பி எடுக்கக் கூடாதுன்னு லாக் போட்டிருக்கோம்லா, அக்கா."

"என் புருஷன் போட்ட மெட்டு. எனக்கே பூட்டா?"

டிஜிட்டல் வயரைப் பிடுங்கிவிட்டு, வெறும் ஒலியை மட்டும் கடத்தும் பழைய சிவப்பு வெள்ளை வயரைச் செருகினாள். அதனிடம் எந்தப் பூட்டும் செல்லாது. பாட்டு நான்கு நிமிடம். பதிவோ நான்கு நிமிடம் பத்து வினாடி காட்டியது.

போட்டுக் கேட்டாள். முதலில் ஒரு இருமல். பிறகு ரஃபேலின் குரல், தணிவாக: "மெட்டு, ரஃபேல்." அதன் பிறகே பாட்டு. டிஸ்க்கைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அதில் அந்தக் குரல் இல்லை.

ஜேன் எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தாள்.

"சத்தமா சொல்லுங்க. எதிர்வீட்டுக்கும் கேக்கட்டும்."

வால்யூமைத் தொடாமல் மறுபடி போட்டாள். இந்தத் தடவை ரஃபேல் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.