ஜின்சுவின் பங்கு

ஊர்ச் சுகாதார நிலையத்தில், குழந்தை சாக்போவின் மேல்கையில் அளவுப் பட்டையைச் சுற்றினேன். எட்டாவது வாரமும், கடும் மெலிவைக் காட்டும் சிவப்பில்தான் நின்றது.

தராசும் அதையே சொன்னது. போன வாரத்தைவிட ஒரு குண்டுமணி எடைகூட ஏறவில்லை.

அவன் உடல் தேற நான் கொடுத்தனுப்பும் வேர்க்கடலைப் பசைப் பொட்டலங்களோ ஒன்று விடாமல் காலியாகித் திரும்பி வந்தன. அவன் அம்மா செனாமி அவற்றைக் கழுவி, காயவைத்து, அடுக்கிக் கட்டிக்கொண்டு வருவாள். சதுப்பைக் கடந்து, அப்பாலுள்ள பண்ணைக் குடிசையிலிருந்து நடந்து வருகிறவள்.

நர்ஸ் சாபி பெனின் நாட்டின் வடக்கிலிருந்து, தெற்கே எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தவர்; எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. பசை சந்தைக்குப் போகிறது என்பது அவர் கட்சி. பையன் தின்கிறானா, இல்லை உன் ஆடு தின்கிறதா என்று போன வாரம் அவளிடமே கேட்டார். வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். செனாமி காலிப் பொட்டலங்களை எண்ணி மேசையில் வைத்தாள்.

இன்று எடையைவிடப் பெரிய கவலை.

பொழுது சாய்ந்தால் பையன் அடுப்புக் கல்லில் இடித்துக்கொள்கிறான், தண்ணீர்ப் பானையைக் கையால் தடவித் தேடுகிறான் என்றாள் செனாமி. அவன் கண்ணிமையை விரித்துப் பார்த்தேன். வெள்ளை விழியின் ஓரத்தில், சோப்பு நுரை காய்ந்ததுபோல ஒரு திட்டு.

மாலைக்கண். இந்தக் கட்டத்தில் மருந்து முழுசாக உள்ளே போனால் பார்வை திரும்பும். தவறினால் கருவிழியே கெட்டுவிடும். அதன் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வைட்டமின் கேப்சூலின் நுனியைக் கத்தரித்து, அவன் வாய்க்கு நேரே பிடித்து அழுத்தினேன். இரண்டு மூன்று சொட்டு விழுந்திருக்கும். செனாமி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அவனுக்குப் பாதி போதும்க்கா. மீதி ஜின்சுவுக்கு."

எங்களில் இரட்டையராகப் பிறந்தால் முதல் பையன் ஜின்சு, அடுத்தவன் சாக்போ. ஒருவனுக்குக் கொடுப்பதை மற்றவனுக்கும் சமமாகக் கொடுத்தாக வேண்டும். ஒருவன் மனம் கோணினால் மற்றவனுக்கு ஆகாது.

பசை போன வழி இப்போது புரிந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததில் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறாள். தப்பு என்னுடையதுதான். சாக்போ என்று என் கையாலேயே எழுதிக்கொண்டவள், கூடப் பிறந்தவன் எங்கே என்று கேட்கவில்லை.

சாபி சலித்துக்கொண்டார். "அதை முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா? அவனையும் தூக்கிட்டு வா, அவனுக்குன்னு தனியாத் தர்றேன். இதைப் போய்ப் பங்கு வெச்சா ரெண்டு பேருக்கும் கண்ணு போயிடும்."

"அவனை விட்டுட்டு நான் எங்கயும் போறதில்ல," என்றாள் செனாமி. "எட்டு வாரமும் கூடத்தான் வந்தான்."

ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே, மறுகையால் இடுப்புத் துணியின் மடிப்பை அவிழ்த்தாள்.

ஒரு சாண் உயரம். மரத்தில் செதுக்கியது. சாக்போ போட்டிருந்த அதே நீலத் துணியில் சின்னதாக ஒரு சட்டை. உதடுகள் தெரியவில்லை. அவற்றின்மேல் வேர்க்கடலைப் பசை அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது.

வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தலை தாழ்த்தி அவனுக்கு வணக்கம் சொன்னார்கள். நானும் சொன்னேன். இரட்டையரில் ஒருவன் இறந்தால், எங்களில் அவனை இப்படி மரத்தில் செதுக்கி, மற்றவனோடு சேர்த்தே ஊட்டி வளர்ப்பார்கள்.

சாபி டப்பாவிலிருந்து இன்னொரு கேப்சூலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பதிவேட்டைத் திறந்து, சாக்போவின் பெயருக்குக் கீழே பேனாவை வைத்தார்.

"ஜின்சுவுக்கு எத்தனை மாசம்?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு செனாமி என் மணிக்கட்டை விட்டாள். அவளே சாக்போவின் தாடையைப் பிடித்து, வாயை அகலத் திறந்து காட்டினாள்.