துடைப்பம் கைமாறியது

செஸ்ஸில் தோற்றவர் கடையைப் பெருக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் பட்டங்காஸ் ஊர்ச் சந்தை சலூனில் அதுதான் சட்டம். மூன்று மாதமாகத் துடைப்பம் கிரிசாந்தோவின் கையை விட்டுப் போகவே இல்லை. அதற்கு முன்பு அவரை ஜெயிக்க அந்தச் சந்தையில் ஆளே கிடையாது.

"வயசாச்சுல்ல, மூளை மழுங்கிப்போச்சு" என்று ஆளாளுக்குப் பேசியதில் மகள் லிகாயா நொந்து போயிருந்தாள்.

இன்று அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே ஆட்டம் சூடாக இருந்தது.

"குதிரையைத் தொடாதீங்கண்ணே, ராணி போயிடும்!"

"யோவ், அவரு ராணியைத்தான் நகர்த்தணும்!"

வேடிக்கை பார்த்தவர்கள் கத்தித் தீர்த்தார்கள். எதிரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்த டிரைசிக்கிள் ஓட்டுநர் டென்சியோ, "பெருசு, துடைப்பத்தை இப்பவே எடுத்துத் தரட்டுமா?" என்று சீண்டினான்.

கிரிசாந்தோ நிமிரவே இல்லை. நிதானமாகக் குதிரையை எடுத்து வைத்தார்.

"செக்மேட்."

சலூனே அதிர்ந்தது. கடைக்காரர் பாதி ஷேவிங்கை விட்டுவிட்டுக் கைதட்டினார். டென்சியோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துடைப்பத்தைத் தேடினான்.

லிகாயா ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "இவ்வளவு கூச்சல்ல எப்படிப்பா யோசிச்சீங்க?"

அவர் அவளுடைய உதடுகளையே பார்த்தார். பிறகு, போன பிறந்தநாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த காது மிஷினைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்ப சொல்லும்மா. இதைப் போட்டதுலேர்ந்துதான் இவனுங்க யோசனையெல்லாம் காதுல விழ ஆரம்பிச்சுது. அதைக் கேட்டுல்ல மூணு மாசமாப் பெருக்கினேன்!"