மரியநாதன் பார்த்த கடைகள்

மரியநாதன் புடவைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார். "லூசி, அந்த மாம்பழக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும் லா."

கல்யாணமான நாள் முதல் புடவைக் கடையை ஏறிட்டும் பார்க்காத மனுஷர்! லூசி துள்ளிக்கொண்டு உள்ளே போய் அதையே வாங்கி வந்தாள்.

"நடக்கலாமாங்க?"

சிகாமட் கடைத்தெருவில் நாலைந்து கடை தாண்டுவதற்குள் அவருடைய வலது கெண்டைக்கால் மறுபடி இறுக்கிப் பிடித்தது. கண்ணில் பட்ட கண்ணாடி முன்னால் சட்டென நின்றார். நகைக்கடை.

"கொலுசா? இந்த வயசுல எனக்கா?" லூசியின் முகம் சிவந்தது. கொலுசும் பையில் ஏறியது.

கொஞ்ச மாதமாகவே இந்தக் கூத்துதான். நடந்தால் கால் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். லாரி ஓட்டிய காலத்திலிருந்து ஊதும் சிகரெட், போதாததற்கு இனிப்பு நீர் வியாதி. காலைப் பற்றி வாயைத் திறந்தால் லூசி முதலில் சிகரெட்டைத்தான் பிடுங்குவாள். அதனால் வலிக்கிற இடத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது.

இன்றைக்குச் சப்பாத்து வேண்டாம், செருப்பே போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். கட்டை விரலில் ஆறாத புண்ணை வேறு மறைத்து மறைத்து நடக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை வலி சுண்டி இழுத்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். "ஆஹா, என்ன வேலைப்பாடு! இது நம்ம வீட்டுல இருக்கணும், லூசி."

"இதுவுமா? யாருக்குங்க?"

கண்ணைத் திறந்தார். சவப்பெட்டிக் கடை. கடை முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, மலர்ந்த முகத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார்.

"அலமாக்! வேணாம், தவுக்கே, வேணாம்!" மரியநாதன் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "கால் வலி, லூசி. நடக்க முடியல. சத்தியமா நான் எந்தக் கடையையும் பாக்கல."

லூசி சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துக் கதவைக் காட்டினாள். "இதோ கிளினிக். எழுந்திரிங்க."

டாக்டர் வாசுகி இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தார். "வலது பாதம் மட்டும் சில்லுன்னு இருக்கு. முடி கொட்டி, தோல் பளபளக்குது. புண்ணு ஆறல, நாடியும் சரியாக் கிடைக்கல. காலுக்கு ரத்தம் ஒழுங்காப் போகல, அங்கிள். சிகரெட்டும் சர்க்கரையும் சேர்ந்து குழாயை அடைக்குது."

"காலை எடுத்துடுவாங்களா?"

"இப்படியே மறைச்சிட்டிருந்தா அதுவும் நடக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், நாளைக்கே போய் ஸ்கேன் எடுங்க. சிகரெட்டை இன்னையோட விட்டுடுங்க. காலைக் காப்பாத்திடலாம்."

மரியநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைத் தானே எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "மாதாதான் காப்பாத்துனாங்க, டாக்டர்! ஏதோ ஷாப்பிங் வந்த இடத்துல உங்க கிளினிக் இருந்துச்சு."

லூசி டாக்டரைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"ஷாப்பிங்கா? கால் வலியும் புண்ணும் எனக்குத் தெரியாதா? அஞ்சு மணி அப்பாயின்மெண்டுக்குத்தாங்க உங்களைக் கூட்டிட்டு வந்தேன்!"