அசரியா சாரின் வாக்கிங்

புற்றுநோய்த் தடுப்பு மையத்தின் எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களைக் கண்காணிக்கும் ஜோவிதா, தினமும் மாலையில் தாம்பரத்துக்குப் போன் செய்வாள்.

“அசரியா சார், இன்னிக்காவது வாக்கிங் போனீங்களா?”

“ரிடையராகியும் நேரமே இல்லம்மா. சர்ச் கமிட்டி எலெக்‌ஷன்ல என்ன நடந்துச்சுன்னு கேளு!”

நாற்பது நிமிடம் பொரிந்து தள்ளியவர், போனை மனைவி தபீதாளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

“மூணு மாசமாச்சு ஆன்ட்டி, சார் அசையவே மாட்டேங்கறார். லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடப் போறாங்க,” என்றாள் ஜோவிதா.

“ஐயோ, எடுத்துடாதம்மா!” தபீதாள் குரலைத் தாழ்த்தினாள். “இவரோட அண்ணனுக்கு வந்த கேன்சர் இவருக்கும் வந்துடக்கூடாதுன்னு நான்தான் பேர் குடுத்தேன். போனைக் காதுல வச்சா இவருக்கு உட்காரவே வராது. மொட்டை மாடியைச் சுத்திச் சுத்தி வந்துதான் பேசுவார். நாலு கிலோ குறைஞ்சிருக்கார். நாளைக்கும் எலெக்‌ஷனைப் பத்தியே கேளு. கோபம் வந்தா இன்னும் வேகமா நடப்பார்!”