ஊசிக்கு முந்தைய படம்

மஞ்சள் மருந்தைக் கையில் ஏற்றும் முன் கண்ணை ஒரு படம் எடுப்பது என் வேலை. மருந்து ரத்தத்தில் கலந்தால்தான் கண் ஒளிரும். அதுவரை படம் கறுப்பாகத்தான் வரும்.

போன மாதம் இதே நாற்காலியில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். மருந்து ஏறியதும், “உடம்பெல்லாம் அரிக்குது டாக்டர்” என்றாள்.

“எல்லாம் மனப்பிரமை. அசையாம இருங்கம்மா” என்றார் டாக்டர்.

ஏழாவது நிமிடம் மூச்சு நின்றது. அவள் வாயே திறக்கவில்லை என்று விசாரணையில் அவர் கூசாமல் சொன்னார்.

இன்று பார்வை மங்குகிறது என்று அவரே வந்து உட்கார்ந்தார். முதல் படம் எடுத்தேன். மருந்துப் புட்டியை நான் இன்னும் திறக்கவில்லை. திரையில் அவர் கண்ணின் ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

“மருந்து போட்டுட்டியாம்மா? கை அரிக்குதே.”

“இன்னும் போடலை டாக்டர்.”

மூன்றாவது நிமிடம் கழுத்தைத் தடவினார். “மூச்சு முட்டுது. யாரையாவது கூப்பிடு.”

புட்டியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கேமராவுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன்.

“எல்லாம் மனப்பிரமை டாக்டர். அசையாம இருங்க.”

இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.